கயிறு முறுக்கிய ஓரம்

கறுப்பு வினிகரும் இஞ்சியும் கலந்த அந்தப் புளிப்பு வாசம் எங்கேனும் மூக்கில் ஏறினால், இன்றைக்கும் எனக்குப் பசி வருவதில்லை, வெட்கம்தான் வருகிறது.

மலேசியாவில், சுங்கைப் பட்டாணியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, சீனாவின் வடக்கிலிருந்து கல்யாணமாகி வந்த ஓர் அம்மாள் மீக்கடை, அதாவது நூடுல்ஸ் கடை, வைத்திருந்தார். கையாலேயே இழுத்து நீட்டிய மீயும், நாங்கள் ‘சீனக் கொழுக்கட்டை’ என்று பெயர் வைத்த, கீரையும் பன்றிக்கறியும் பொதிந்து அவித்த பண்டமும் அங்கே பேர்போனவை. நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டம் மூடி டவுனுக்கு வந்ததும், அம்மா அந்தக் கடையில்தான் கொழுக்கட்டை மடிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். தோட்டத்தில் உருளைக்கிழங்கு மசாலை அடைத்து ‘கறிபாப்’ சுட்டு விற்ற விரல்களாயிற்றே, முதல் நாள் அத்தனை கொழுக்கட்டைக்கும் கறிபாப் மாதிரியே ஓரத்தைக் கயிறாக முறுக்கி வைத்துவிட்டாராம். ‘தவுக்கேம்மா’ என்று நாங்கள் கூப்பிடும் அந்த முதலாளியம்மா தலையில் அடித்துக்கொண்டு, கொசுவம் போல மடிப்பு மடிப்பாகப் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததை அம்மா நடித்துக் காட்டும்போது, சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கும்.

பள்ளிக்கூடத்தில் மட்டும் வேறு கதை. இடைநிலைப் பள்ளிக்குப் போன முதல் வருஷம், அம்மா கூலிம் ஃபேக்டரியில் சூப்பர்வைசர், கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறார் என்று தோழி மாலாவிடம் அளந்துவிட்டிருந்தேன். மீக்கடையில் மாவோடு மல்லுக்கட்டுகிறவர் என்று தெரிந்துவிடுமோ என்று பயம். என்ன பெரிய கௌரவமோ!

மாலாவின் பிறந்தநாளன்று அவள் அப்பா எங்கள் நாலு பேரையும் காரில் கொண்டுவந்து இறக்கியது அதே கடை வாசலில். கண்ணாடிக்குப் பின்னால் அம்மா, முழங்கை வரை மாவு. என்னைக் கண்டதும் மலர்ந்த முகம், நான் தலையைக் குனிந்துகொண்டதும் அடங்கிப்போனது.

“சீனக் கடையில தமிழ் அக்கா லா,” என்றாள் மாலா.

அம்மா எங்கள் மேசைக்கு வந்தார். யார் வீட்டுப் பிள்ளையிடமோ கேட்பதுபோல, “என்னம்மா சாப்புடுறீங்க?” என்றார்.

தொட்டுக்கொள்ளக் கறுப்பு வினிகரும் இஞ்சியுமாகத் தட்டுகள் வந்தன. மற்றவர்களுக்கெல்லாம் கடை வழக்கப்படி மடிப்பு வைத்த ஓரம். என் தட்டில் மட்டும் பத்துக்குப் பத்தும் கயிறு முறுக்கிய ஓரம். உனக்கு மட்டும் ஏன் வேறு மாதிரி என்று மாலா கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டு, ஒன்று விடாமல் தின்றேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த அம்மா திட்டவில்லை. முகம் கழுவிக்கொண்டே, “சூடா இருந்துச்சா புள்ள?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அதைப் பற்றி நாங்கள் பிறகு பேசவேயில்லை.

கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள். தவுக்கேம்மா எங்கே போனாரோ தெரியாது. அம்மா காலமாகி மூன்று வருஷமாகிறது. பல வருஷம் கழித்து, போன தீபாவளிக்கு வீடு தேடி வந்த மாலா, நான் சுட்ட கறிபாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஓரம் இவ்வளவு அழகாக முறுக்க யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டாள்.

“எங்கம்மா. ஒன் பொறந்தநாளைக்கு மீக்கடையில வந்து ‘என்னம்மா சாப்புடுறீங்க’ன்னு கேட்டாங்களே, அவங்கதான்,” என்றேன்.

ஒரு வரிதான். அன்றைக்கு அந்த மேசையில், அம்மா காதுபடச் சொல்லியிருக்கலாம்.