மலையடிவாரத்தில் பூட்டிய மூன்று சைக்கிள்கள்

எங்கள் கடையில் ஒரு பொய் புழக்கத்தில் இருந்தது. தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் அத்தா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். தெரிந்த முகத்துக்குத்தான் வண்டி. தெரியாதவர் வந்தால் தெரிந்த ஆள் ஒருவரைக் கூட்டிவர வேண்டும். அதற்கும் வழியில்லாதவரிடம் முகத்தில் அடித்தாற்போல் மறுக்காமல், "வண்டி இல்லீங்க, எல்லாம் வெளிய போயிருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடுவோம். பின்னால் சுவரோரம் ஆறு வண்டி சாய்ந்து நிற்கும். கேட்டால், "அதெல்லாம் பஞ்சருங்க." கேட்டவருக்கும் விஷயம் தெரியும், முணுமுணுத்துக்கொண்டே போய்விடுவார். பத்து வயதிலிருந்து அந்தக் கடையில் உட்கார்ந்தவன் நான். அந்தப் பொய் எனக்குத் தும்மல் மாதிரி, யோசிக்கும் முன்பே வந்துவிடும்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை லீவில் நாங்கள் மூன்று பேர் சைக்கிளில் வத்தல்மலைக்குப் போன கதையை எழுதச் சொல்லி என் தங்கை மகன் உயிரை வாங்குகிறான். அவன் இப்போது பெங்களூரிலிருந்து கூட்டமாக வந்து, ஹெல்மெட்டும் இறுக்கமான கால்சட்டையும் மாட்டிக்கொண்டு, அதே மலையில் சைக்கிள் மிதிக்கிறான். "நீங்க அப்பவே பண்ணிட்டீங்களே, சூப்பர் மாமா" என்கிறான். சூப்பராம்! அந்தப் பயணத்தில் ஒரு பெண்ணின் உயிர் என் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தது. அவன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லத் தைரியம் இல்லாமல்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்று பேரும் காலேஜில் ஒரே பெஞ்சு. ஒருவன் அதியமான்கோட்டைக்காரன், நிலம் நீச்சு உள்ள வீட்டுப் பிள்ளை, கோபக்காரன். இன்னொருவன் பொம்மிடிக்காரன், எதற்கும் சிரித்துச் சமாளிப்பவன். அவனுடைய சித்தப்பா மலைமேல் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். கோடை லீவுக்கு அவர் ஊருக்கு வந்துவிட்டதால் பள்ளிக்கூடச் சாவி எங்கள் கைக்கு வந்தது. அங்கே இரண்டு ராத்திரி தங்கி மலை முழுக்கச் சுற்றிவிட்டு வருவது என்று திட்டம். சைக்கிள் என் பொறுப்பு. கடையில் இருந்ததிலேயே நல்லதாக மூன்றைப் பொறுக்கி எடுத்தேன், மூன்றிலும் டைனமோ உண்டு. "போன மாதிரியே திரும்பி வரணும்டா" என்றார் அத்தா. எங்களைச் சொல்லவில்லை, வண்டிகளைச் சொன்னார்.

விடியும்போது கிளம்பினோம். பொம்மிடிக்காரன் ஹேண்டில்பாரை விட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு போனான். "பாய், உங்க அத்தா வண்டி பறக்குதுடா!" என்று கத்தினான். கேரியரில் அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறு. வழியில் இரண்டு இடத்தில் நெருஞ்சி முள் குத்தி, பஞ்சர் ஒட்டினேன். அந்த இரண்டரை மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அதை நினைத்தாலே எனக்கு எரிச்சலாக வருகிறது.

பஸ் ரோட்டிலிருந்து அடிவாரத்துக்கு நாலு மைல் மண் பாதை. அதற்கு மேல் அந்தக் காலத்தில் ரோடே கிடையாது, ஒற்றையடிப் பாதைதான். மலைக்காரர்கள் உப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் தலையில் சுமந்துதான் ஏறுவார்கள். நான் வறண்டு கிடந்த ஓடையில் வண்டிகளை இறக்கி, பாதைக்குத் தெரியாமல் ஒரு புதருக்குப் பின்னால் தள்ளி, மூன்றையும் சேர்த்து ஒரே சங்கிலி போட்டுப் பூட்டினேன். மேலே தழை வெட்டிப் போட்டேன். அதியமான்கோட்டைக்காரன் சிரித்தான். "ஏன்டா பாய், இங்க எவன் வந்து எடுக்கப் போறான்?"

"உனக்கென்ன தெரியும், கடை எங்களுது" என்றேன்.

பாதி மலை ஏறியிருப்போம், மணி ஒன்பது இருக்கும். மேலேயிருந்து ஆட்கள் வேகமாக இறங்கும் சத்தம் கேட்டது. நாலு பேர் மூங்கில் கழியில் கம்பளியைத் தூளி மாதிரி கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எங்களைப் பார்த்ததும் தோள் மாற்றிக்கொள்ள நின்றார்கள். கம்பளிக்குள் ஒரு பெண். இருபது வயதுகூட இருக்காது. ஒரு கால் வெளியே தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே புடவைக் கிழிசலால் கட்டியிருந்தார்கள், பாதம் வீங்கிப் பளபளத்தது. கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாள்.

கூட வந்தவன் அவள் புருஷன். எங்களைவிட மூன்று நான்கு வயது மூத்தவர் என்பதால் அவர் என்றே எழுதுகிறேன். மூச்சு வாங்க அவர் சொன்னார்: "காலைல வெறகுக்குப் போனவளக் கண்ணாடிவிரியன் கடிச்சிருச்சுங்க." பிறகு என்னைப் பார்த்துத்தான் கேட்டார், ஏனோ என்னை. "ஏங்க, கீழ வண்டி எதுனா உட்டுட்டு வந்திருக்கீங்களா? ஒரு சைக்கிளு இருந்தா நான் முன்னால ஓடிருவேன். பஸ் ரோட்டு ஊருல ஒரு வேன் நிக்குதுங்க. அத அடிவாரத்துக்கே கூட்டியாந்துட்டா ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்."

"வண்டி இல்லீங்க" என்றேன். "பஸ்ல வந்தோம்."

அவ்வளவுதான். நாக்கு கூசவில்லை, குரல் தடுமாறவில்லை. கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்வதுபோலவே சொன்னேன். அவர் ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. "செரிங்க" என்று சொல்லிவிட்டு, கழிக்குத் தோள் கொடுத்தார். இறங்கிப் போய்விட்டார்கள்.

அதியமான்கோட்டைக்காரன் என் சட்டையைப் பிடித்தான். "ஏன்டா அப்படிச் சொன்ன?"

"யாருன்னே தெரியாதுடா. வண்டி திரும்பலன்னா அத்தாவுக்கு நீ பதில் சொல்லுவியா?"

"பாம்பு கடிச்சவளத் தூக்கிட்டுப் போறாங்கடா! சாவியக் குடு, நான் ஓடிக் குடுத்துட்டு வரேன்."

இந்த இடத்தில்தான் நான் உண்மையிலேயே கெட்டவன் ஆனேன். முதலில் சொன்னது வாய்ப் பழக்கம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, கூப்பிட்டிருந்தால் கேட்கும் தூரம்தான். ஆனால் ஓடிப்போய், "இருக்குதுங்க, பொய் சொல்லிட்டேன்" என்று அந்த மனிதன் முன்னால் நிற்க வேண்டும். அந்த அவமானம் என்னால் முடியாது என்று தோன்றியது. சாவியைக் கால்சட்டைப் பைக்குள்ளேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "அவங்க வேகத்துக்கு நீ ஓட முடியாது. இந்நேரம் பாதி தூரம் போயிருப்பாங்க" என்று ஏதேதோ பேசினேன். பொம்மிடிக்காரன், "அவங்க பாத்துக்குவாங்கடா, வெயில் ஏறுறதுக்குள்ள மேல போயிரலாம்" என்றான். பேசிப் பேசியே நேரம் போய்விட்டது. அப்புறம் ஓடியும் பிரயோஜனம் இல்லை என்று ஆனதும் ஏறினோம்.

மேலே ஊருக்குள் போனதும் எல்லாரும் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். "வழியில பாத்தீங்களா? எவ்ளோ தூரம் போயிருந்தாங்க? கண்ணு முழிச்சிருந்தாளா?" முழிச்சிருந்தாங்க என்றேன். அதைக் கேட்டு ஒரு பெண் மாரில் கை வைத்துக்கொண்டு, "அப்பாடா" என்றாள். பாம்பு கடித்த பெண்ணின் அக்கா அவள். எங்களுக்குச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கொண்டுவந்து வைத்தவளும் அவள்தான். நான் சாப்பிட்டேன். பசித்தது, சாப்பிட்டேன். வேறென்ன சொல்ல.

அன்று மலையில் எதைப் பார்த்தோம் என்று கேட்காதீர்கள். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, கீழேயிருந்து வரும் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொழைக்கணும், பொழைக்கணும் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவள் பிழைத்துவிட்டால் என் பொய் வெறும் பொய், அவ்வளவுதான். அசர் தொழுகைகூடத் தொழுதேன், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கே டிமிக்கி கொடுக்கிற நான். அல்லாவிடமும் எனக்காகத்தான் கேட்டேன், அவளுக்காக இல்லை. அதுவும் அவனுக்குத் தெரியாமலா இருக்கும்?

பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்துவிட்டார்கள். இந்தமுறை மெதுவாக ஏறி வந்தார்கள். கம்பளி தலையோடு மூடியிருந்தது. அக்காக்காரி போட்ட சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. இருட்டுவதற்குள் ஊருக்கு மேற்கே புதைத்தார்கள். நாங்கள் மூன்று பேரும் போய் நின்றோம். நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

காலையில் கிளம்பினோம். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இறங்கிவிடலாம் என்று பார்த்தால், அவர் பாதையில் நின்றார். கீழே மணியக்காரரிடம் சாவைச் சொல்ல வேண்டுமாம். "வாங்க, ஒண்ணாப் போலாம். பஸ்ஸுக்குத்தான போறீங்க? குறுக்கு வழியில கூட்டிட்டுப் போறேன், நேரத்துக்குப் புடிச்சிரலாம்" என்றார். பஸ்ஸில் வந்தவர்கள் இல்லையா நாங்கள்!

அடிவாரத்தில் ஓடை வந்ததும் அவர் நின்றார். மணலில் டயர்த் தடம் கோடு கோடாகப் பதிந்து கிடந்தது.

"நேத்து இந்தத் தடத்தப் பாத்துட்டுத்தாங்க உள்ள போனேன்" என்று புதருக்குப் பின்னால் கூட்டிப்போனார். என் மூன்று வண்டிகளும் வைத்த இடத்திலேயே நின்றன. "பாருங்க. யாருதோ தெரியல. சங்கிலி போட்டுப் பூட்டியிருக்காங்க. கூட வந்தவங்க, கல்லால அடிச்சு ஒடச்சிரலாம்னாங்க. நாந்தாங்க வேணாம்னு சொன்னேன். நீங்க பஸ்ல வந்தோம்னு சொன்னீங்க, அப்ப இது வேற யாரோ பெரிய மனுசங்க வண்டி. மலைக்காரன் பூட்ட ஒடச்சான்னா திருடன்னுதான சொல்லுவாங்க? அதுக்குப் பயந்துட்டேங்க. பயந்துட்டு, தூக்கிக்கிட்டே நடந்தோம். பஸ் ரோட்டுக்கு ஒரு மைல் இருக்கும்போது போயிட்டா."

குனிந்து சங்கிலியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க. நான் ஒடச்சிருந்தா அவ பொழச்சிருப்பாளாங்க?"

"ஏங்க..." என்று ஆரம்பித்தான் அதியமான்கோட்டைக்காரன். சொல்லிவிடுவான் என்று தெரிந்தது. நான் முந்திக்கொண்டேன்.

"ஒடச்சிருந்தாலும் நேரம் பத்தியிருக்காதுங்க" என்றேன்.

அவர் மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். "நானே கொன்னுட்டேன்னு இருந்தேங்க. ராத்திரிலாம் அதே நெனப்புங்க" என்று என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு எழுந்து முகத்தைத் துடைத்து, நாலு மைல் எங்களோடு நடந்து வந்து, பஸ் ஏற்றிவிட்டார். எனக்கு ஜன்னலோரம் இடம் கொடுக்கச் சொல்லி கண்டக்டரிடம் அவரே கேட்டார்.

பஸ்ஸில் அதியமான்கோட்டைக்காரன் சொன்னது ஒன்றுதான். "ஆறுதலுக்குச் சொன்னேன்னு மட்டும் சொல்லிராத, பாய்." அதற்கப்புறம் அவன் என்னோடு பேசவில்லை. வீட்டில் இரண்டு ராத்திரி என்று சொல்லியிருந்ததால் அன்று பொம்மிடிக்காரன் வீட்டில் தங்கிவிட்டேன். மறுநாள் நானும் அவனும் போய், யாராவது பார்க்கிறார்களா என்று திருடன்போல் பார்த்துப் பார்த்து, சொந்த வண்டியை எடுத்து வந்தோம். மூன்றாவது வண்டியை நான் ஒரு கையால் பிடித்து இழுத்துக்கொண்டே மிதித்தேன். "மலை எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டார் அத்தா. நல்லா இருந்துச்சுத்தா என்றேன்.

நேரம் பத்தியிருக்காது என்ற என் பேச்சை அந்தப் பெண்ணின் புருஷன் அன்றைக்கு நம்பினார். ஆனால் எத்தனை நாளைக்கு நம்பியிருப்பார்? மலைக்காரர்கள் நேரம் தெரியாதவர்கள் இல்லை. என்றைக்காவது வேலைக்கு நடுவில் யோசித்திருப்பார். அடிவாரத்திலிருந்து பஸ் ரோடு சைக்கிளில் அரை மணி. வேன் வர இன்னொரு கால் மணி. அவள் அதற்கு மேலும் ஒரு மணி நேரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். யோசித்தால் தெரிந்துவிடும், நேரம் தாராளமாக இருந்தது என்று. அன்றிலிருந்து அவர் யாரைத் திட்டிக்கொண்டிருப்பார்? என்னை இல்லை. கல்லை எடுக்காத தன் கையைத்தான். என்னைப் பற்றி நினைத்தால், பாவம், ஆறுதல் சொன்ன நல்ல பையன் என்றுதான் நினைத்திருப்பார்.

இப்போது மேலே வரை தார் ரோடு இருக்கிறது, பஸ்ஸும் போகிறது. உயிரோடு இருந்தால் அவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். போய், அந்தப் பூட்டு என்னுடையது, நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் போதும். தர்மபுரியிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. நான் இன்னும் போகவில்லை.