இருபத்தொன்றாம் வீட்டுக் குழாய்

நரிப்பாறைப்பட்டியில் மிக்ஸி சுற்றவில்லையா, பூபதியைக் கூப்பிடு. போனில் படம் வரவில்லையா, பூபதியைக் கூப்பிடு. ஆதார் கார்டில் பிறந்த தேதி தப்பா, அதற்கும் பூபதிதான். "இஞ்சினியருக்குப் படிச்சவனுக்கு இதுகூடத் தெரியாதா கண்ணு?" என்று ஒரு கேள்வி வந்து விழும். எலக்ட்ரானிக்ஸ் படித்தவனுக்கும் ஆதாருக்கும் சம்பந்தம் இல்லை என்று நாலு வருஷமாகச் சொல்லிப் பார்த்துவிட்டான். ஒருவர் காதிலும் ஏறவில்லை.

மலைமேல் திருப்புலி நாடு என்கிற பகுதியில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது அந்த ஊர். மொத்தம் நாற்பது வீடு. அந்த நாற்பதில் முதல் பட்டதாரி பூபதி. அவன் அப்பா சின்னராசு, குச்சிக்கிழங்குக் காட்டிலும் சாமைக் காட்டிலும் குனிந்து குனிந்தே முதுகு வளைந்தவர், மகன் பட்டம் வாங்கிய மறுவாரமே வாசற்படிக்கு மேலே "சி. பூபதி, பி.இ." என்று பெயின்டில் எழுத வைத்தார். ரேஷன் கடைப் போர்டில்கூட எழுத்து அவ்வளவு பெரிதாக இருக்காது. கூச்சமாகத்தான் இருந்தது பூபதிக்கு. ஆனாலும் அழிக்கச் சொல்லவில்லை. கீழே காலேஜில், வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்த பையன்களுக்கு நடுவே, ஹாஸ்டல் நோட்டில் பேனாவால் சி புரோகிராம் எழுதி எழுதிப் பழகியவன் அவன். அந்த எழுத்துக்கு உரிய ஆள்தான்.

கோயம்புத்தூரில் ஒரு வருஷம் கம்பெனி வேலை பார்த்தான். பிறகு மலைக்கே திரும்பி செம்மேட்டில் மோட்டார் ஸ்டார்ட்டர் ரிப்பேர்க் கடை போட்டான். அங்கே உட்கார்ந்திருந்த நேரத்தில் தோன்றியதுதான் இந்தத் தண்ணீர் யோசனை.

ஊருக்கு ஒரே தொட்டி. காலையில் திறந்துவிட்டால் பள்ளத்து வீடுகளில் குடம் நிறைந்து வாசலில் ஓடும். மேட்டு வீடுகளின் குழாயில் புஸ்ஸென்று காற்று வரும். தினமும் சண்டை. பூபதி வீட்டுக்கொரு கரண்ட் வால்வு பொருத்தினான். தொட்டி ரூமில் உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு. எட்டு எட்டு வீடாக முறை வைத்து, ஒரு முறைக்கு இருபது நிமிஷம் தண்ணீர். குழாய் பக்கத்தில் ஒரு பட்டன். போதும் என்றால் அதை அமுக்கலாம். அந்த வீட்டு வால்வு மட்டும் மூடும், மிச்சத் தண்ணீர் மற்ற ஏழு வீட்டுக்கும் வேகமாகப் போகும். அந்தப் பட்டனை நினைத்துத்தான் அவனுக்கு உள்ளூரப் பெருமை.

போர்டுக்குள் விஷயம் எளிது. ஒரு வீட்டுக்கு ஒரு பிட். ஒன்று என்றால் வால்வு திறந்திருக்கும், பூஜ்யம் என்றால் மூடியிருக்கும். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட், அது ஒரு முறை. ஐந்து முறைக்கு ஐந்து பைட், வரிசையாக ஒரு அர்ரே. முதலில் எட்டு வீட்டில் மட்டும் சோதனை ஓடியது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக வரி எழுதியிருந்தான், குறையில்லாமல் ஓடியது. நாற்பது வீட்டுக்கும் விரித்தபோது, இத்தனை வரி எதற்கு என்று எல்லாவற்றையும் அழித்து, திறக்க ஒரு வரி, மூட ஒரு வரி என்று சுருக்கினான். கறிவேப்பிலைக் கொத்தை உருவி எடுத்த மாதிரி இருந்தது அவனுக்கு. முறை ஆரம்பித்ததும் எட்டும் திறக்கிறதா, பார்த்தான். முடிந்ததும் எட்டும் மூடுகிறதா, பார்த்தான். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பட்டனை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான். அந்த மறுநாள் வரவே இல்லை.

நாலாம் நாள் காலை குப்புசாமி பூபதியின் கடைக்குப் போன் போட்டார். பத்தொன்பதாம் வீட்டுக்காரர், பூபதிக்கு மாமா முறை.

"ஏனப்பா இஞ்சினியரு, உன்ற மெஷினு எங்க முறைக்கு மட்டும் அஞ்சே நிமிசத்துல மூச்ச நிறுத்திக்குது. ஏழு ஊடும் காஞ்சு கெடக்குது."

"ஏழுதானுங்களா? எட்டுல்ல இருக்கோணும்?"

"எட்டாவது ஊட்டுலதான் சங்கதியே. சென்னம்மா ஊட்டுக் குழாயத் தெறந்து பாத்தேன், சொய்யினு பீச்சுது! அவ என்னமோ பண்ணித் தண்ணியத் திருடறா."

சென்னம்மாள் பூபதியின் அப்பாவுக்குப் பெரியப்பா மகள், அவனுக்கு அத்தை. இருபத்தொன்றாம் வீடு. ஒற்றை ஆள், முழங்கால் வலிக்காரர். மிளகுக் காட்டில் கூலிக்குப் போய்ச் சாப்பிடுகிறார்.

அன்று சாயங்காலமே ஊர்க்கூட்டம். ஊர்க்கவுண்டர் அருணாசலம் பூபதியின் லேப்டாப்பைக் கொண்டுவரச் சொன்னார். போர்டு எழுதி வைத்திருந்த பதிவைப் பூபதி எல்லாருக்கும் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தான். மூன்றாம் முறை, ஐந்தாவது நிமிஷம்: 00010000. நாலு நாளும் அதே கணக்கு.

"இதுல ஒன்னுனு இருக்குதே, அது யாரு ஊடு?" என்றார் அருணாசலம்.

"இருபத்தொன்னுங்க."

"மத்ததெல்லாம் முட்டை. அப்ப அவ ஊடு மட்டும்தான் தெறந்திருக்குது?"

"ஆமாங்க."

"நான் கொடம் ரொம்புனதும் பட்டன அமுக்கிக் குழாயையும் திருகிப்போட்டுக் காட்டுக்குப் போறவ," என்றார் சென்னம்மாள். "எனக்கு எதுக்குடா அத்தனை தண்ணி? நீச்சலா அடிக்கறேன்?"

யாரோ சிரித்தார்கள். பூபதிக்கு ஏற்கெனவே பதினெட்டுப் போன் வந்து மண்டை காய்ந்திருந்தது. "மெஷின் பொய் சொல்லாதுங்க அத்தை," என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான், தீர்ப்புக்கு அதுவே போதும். ஞாயிற்றுக்கிழமைக்குள் இருபத்தொன்றாம் வீட்டு இணைப்பை எடுத்துவிட வேண்டும், அதையும் பூபதியே எடுக்க வேண்டும் என்று முடிவானது. அப்புறம் சென்னம்மாள் தண்ணீருக்கு ஓடைக்குத்தான் இறங்க வேண்டும். அந்தச் சரிவில் நல்ல காலோடு போகிறவர்களே பக்கத்துக் கொடியைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள்.

சனிக்கிழமை காலை ஸ்பேனரோடு போனான். மூன்றாம் முறை ஓடிக்கொண்டிருந்தது. சென்னம்மாள் குடத்துக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"வந்துட்டியா சாமி, கழுத்தறுக்க?"

"ஊர் சொன்னதுங்க அத்தை. நான் என்ன பண்ணட்டும்?"

"ஊரு உன்ற வாயப் பாத்துத்தான சொல்லுச்சு. ஒன்னு கேக்கறேன், பதில் சொல்லிப்போட்டு அப்பறம் கழட்டு. மத்தவங்களுக்கு எப்பத் தண்ணி நிக்குது?"

"அஞ்சாவது நிமிசம்."

"எனக்குக் கொடம் ரொம்பறதும் அஞ்சு நிமிசத்துலதான். நான் பட்டன அமுக்குனா எனக்குத்தான நிக்கோணும்? அவங்களுக்கு ஏன் நிக்குது?"

பூபதிக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது. படிக்காதவர்களுக்கு எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். சந்தேகத்தை இன்றோடு முடித்துவிடலாம் என்று லேப்டாப்பைத் துணி துவைக்கிற கல்லின் மேல் வைத்தான். திரையில் 11111111. எட்டும் திறந்திருக்கிறது.

"அமுக்குங்க."

அமுக்கினார்.

00010000.

சென்னம்மாள் வீட்டுக் குழாய் குடத்தில் கொட்டிக்கொண்டே இருந்தது. ரெண்டு வீடு தள்ளிக் குப்புசாமி, "பாரு, இன்னிக்கும் நின்னுபோச்சு! அவளக் கேளுங்க!" என்று கத்தினார்.

பூபதி லேப்டாப்பின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். புரோகிராமைத் திறந்தான். மூடுகிற வரி, அவன் அவ்வளவு அழகாகச் சுருக்கிய வரி, அங்கேதான் இருந்தது:

v[n/8] &= 1 << (n%8);

அந்த ஒன்றுக்கு முன்னால் ~ இல்லை. புழு நெளிந்த மாதிரி ஒரு சின்னக் குறி. அது இருந்தால், "இந்த வீட்டை மட்டும் மூடு, மற்றதைத் தொடாதே" என்று அர்த்தம். இல்லாவிட்டால் அப்படியே தலைகீழ்: இந்த வீட்டை விட்டுவிட்டு மற்ற ஏழையும் மூடு. திறக்கிற வரியைக் காப்பி எடுத்து, நடுவில் இருந்த | என்ற கோட்டை மட்டும் & என்று மாற்றிவிட்டுப் புழுவை மறந்திருக்கிறான்.

இத்தனை நாளாக வேறு எந்த முறையிலும் ஏன் வரவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. மற்ற முப்பத்தொன்பது வீட்டிலும் பட்டனை ஒருவர்கூட ஒரு தடவையும் அமுக்கவில்லை. குடம் நிறைந்தால் அண்டா, அண்டா நிறைந்தால் ஆட்டுத்தொட்டி, அதுவும் நிறைந்தால் வாசல். நேரம் முடிகிறவரை ஓடட்டும் என்று விட்டிருக்கிறார்கள். போதும் என்று நினைத்த ஒரே ஆள் சென்னம்மாள். அவருக்குத்தான் திருட்டுப் பட்டம்.

"என்ன சாமி, என்ன தெரியுது?"

"தப்பு என்னோடதுங்க அத்தை."

அவர் குழாயைத் திருகி மூடினார். "இத எங்கிட்டச் சொல்லி என்னத்துக்கு ஆவும்? அன்னிக்கு எங்க சொன்னியோ அங்க வந்து சொல்லு."

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னான். சின்னராசு சாமை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். "சரி பண்ணியாச்சல்ல?" என்றார். ஆச்சு என்றான். "அப்ப கூட்டம் எதுக்கு? ஓயர் லூசுனு சொல்லிப்போடு. மழைல எலி கடிச்சுருச்சுனு சொல்லு. படிச்ச பையன் போய் ஊருக்கு முன்னால..." மறுபடி கல் பொறுக்க ஆரம்பித்தார். எலி மேல் பழி போட்டால் யாரும் மறுக்கப் போவதில்லை. அரை மணி நேரம் பூபதிக்கு அந்த எலி ரொம்பப் பிடித்திருந்தது.

ஞாயிறு காலை கூட்டத்தில் எழுந்து நின்றான். எலியைப் பற்றிப் பேசவில்லை. புரோகிராமில் ஒரு குறியை விட்டுவிட்டேன், அத்தை மேல் ஒரு குற்றமும் இல்லை, மெஷின் பொய் சொல்லாது என்று சொன்னது என் திமிர் என்றான். சின்னராசு கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவ்வளவு பெரிய படிப்புப் படிச்சு ஒரு புழுவப் போடத் தெரியல!" என்றார் குப்புசாமி.

"புழுவ அவன் உட்டான். திருடினு சொன்னது ஆருங்க?" என்றார் சென்னம்மாள்.

குப்புசாமி துண்டை உதறி வேறு தோளில் போட்டுக்கொண்டார். "நான் மெஷினப் பாத்துச் சொன்னேன்..."

"மெஷினுக்கு முன்னாலயே போன் போட்டுச் சொன்னது நீங்கதான்," என்றான் பூபதி. அவனுக்கே தெரியாமல் குரல் உயர்ந்துவிட்டது. அருணாசலம் கையைக் காட்டி அடக்கினார். குப்புசாமி கடைசியில், "தப்புதான் தாயீ," என்று முனகினார். அருணாசலம் விடவில்லை. "எல்லார்த்துக்கும் கேக்கறாப்பல சொல்லு," என்றார். இன்னொரு தரம் சொல்ல வேண்டியதாயிற்று.

சென்னம்மாளுக்கு அதுவும் போதவில்லை. "வாயில சொன்னா ஆச்சா? இப்ப எல்லாரும் வாங்க. ஏழு ஊட்டுக் குழாய்லயும் ஆளுக்கு ஒருத்தரு நில்லுங்க. நான் அமுக்கறேன், பாப்போம்."

ஊரே இறங்கி வந்தது. மூன்றாம் முறையைப் பூபதி இன்னொரு தரம் ஓட்டினான். ஏழு வாசலில் ஏழு பேர் குனிந்து நின்று குழாயையே பார்த்தார்கள். சென்னம்மாள் பட்டனை அமுக்கினார். அவர் குழாயில் வந்த தண்ணீர் மெலிந்து, சொட்டி, நின்றது. மற்ற ஏழிலும் கொட்டிக்கொண்டிருந்தது, முன்னைவிட வேகமாகவே.

"வருது! எனக்கு வருது!" என்று குப்புசாமி தன் வாசலிலிருந்து கூவினார். அவர் குடம் நிரம்பி, அண்டா நிரம்பி, தண்ணீர் காலடியில் ஓட ஆரம்பித்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த பட்டனைப் பார்த்தார். அதன் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை.

"ஏப்பா பூபதி, எனக்கும் போதும்னா இத அமுக்கலாமா?"

"அதுக்குத்தானுங்க மாமா அத வெச்சதே!" என்று பூபதி கத்தினான்.

"அவருகிட்ட ஏன்டா கத்தற, மெதுவாச் சொல்லு," என்று சென்னம்மாள் குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போனார்.