காரணம் கொடுக்கும் டீச்சர்

அவளை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். உண்மையில் அவள் ஒரு நாளும் வகுப்பெடுத்தவள் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் நாற்பது வருஷம் சோதனைக் குழாய் கழுவி, அமில பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டி, வாத்தியார்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் பிள்ளைகளுக்குச் சோதனையும் செய்து காட்டியவள். உழைப்பு ஒருத்தருக்கு, பேர் இன்னொருத்தருக்கு. உலகத்தில் இது ஒன்றும் புதிதில்லை. ஓய்வு பெற்றதும் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறையை வாடகைக்கு எடுத்தாள். விஞ்ஞானம் படிக்கத் துடிக்கிற பிள்ளைகளைப் பெரிய கல்லூரிகளின் விண்ணப்பத்துக்கும் இன்டர்வியூவுக்கும் தயார் செய்வது அவளுடைய புதுத் தொழில். ஒரு மேசை, எதிரெதிராக இரண்டு நாற்காலி, கீழேயிருந்து ஏறி வரும் சூடான காகித வாசனை. அவ்வளவுதான் அந்த அறை.

மார்க்கைப் பற்றி அவள் வாயே திறக்க மாட்டாள். மார்க் இல்லாதவன் அந்தப் படியே ஏற மாட்டான். "ஏன் விஞ்ஞானம்?" என்று கேட்பார்கள் பாருங்கள், அங்கேதான் பிள்ளைகள் திருதிருவென்று முழிக்கும். சின்ன வயதிலிருந்தே ஆர்வம் என்று அரைத்த மாவையே அரைக்கும். பொய்யாக ஒன்றைக் கட்டிவிட்டாலோ இரண்டாவது கேள்வியில் குட்டு உடைந்துவிடும். அதனால் காரணம் இல்லாத பிள்ளைக்கு டீச்சர் தன் வாழ்க்கையிலிருந்தே ஒன்றை எடுத்துக் கொடுப்பாள். நிஜமாக நடந்த விஷயம், எத்தனை கேள்வி கேட்டாலும் தாங்கும்.

கொடுத்ததோடு விட மாட்டாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, தனக்கே நடந்ததைப் போல அந்தப் பிள்ளை அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். டீச்சர் கண்ணை மூடிக் கேட்பாள். அது அந்தப் பிள்ளைக்குத்தான் நடந்தது என்று மனசார நம்பும் தடவையில் கண்ணைத் திறந்து, "நம்பிட்டேன்" என்பாள். அந்த வார்த்தையை வாங்கிப் போன பதினோரு பேரில் ஒருவர்கூடத் தோற்கவில்லை.

முதல் கோணல் போன வருஷம் தெரிந்தது. அந்தப் பதினோரு பேரில் ஒருவன், குச்சி என்று எல்லோரும் கூப்பிடும் ஒல்லிப் பையன், விடுமுறையில் பார்க்க வந்தான். இன்டர்வியூவில் சொன்ன கதையை உற்சாகமாக மறுபடி சொன்னான். எட்டு வயதில் தெர்மாமீட்டரை உடைத்தது, பாதரசம் உருண்டை உருண்டையாகத் தரையில் ஓடியது, அப்பா அடிப்பார் என்ற பயத்தையும் மறந்து மத்தியானம் முழுக்க அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தது. டீச்சர் ரசித்துக் கேட்டாள். கடைசியில் உன் அப்பா அடித்தாரா இல்லையா என்றும் விசாரித்தாள்.

குச்சியின் முகம் மாறிவிட்டது. "டீச்சர், அது உங்க அப்பா," என்றான்.

வயதாகிறதல்லவா, மறதி என்று சிரித்துச் சமாளித்தாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மற்றப் பத்துப் பேருக்குக் கொடுத்தவற்றைத் தேடிப் பார்த்தாள். எல்லாம் அட்சரம் பிசகாமல் ஞாபகத்தில் இருந்தன. ஆனால் அவை அந்தப் பிள்ளைகளுக்கு நடந்தவையாக இருந்தன. எந்த வீட்டிலும், எந்த மத்தியானத்திலும் அவள் இல்லை. இனிமேல் யாருக்கும் எதுவும் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தாள்.

முடிவெடுப்பது சுலபம். இந்த வருஷம் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். எதைப் பார்த்தாலும் அளப்பாள் என்பதால் வீட்டில் அவளுக்கு அளவுகோல் என்றே பெயர். அப்பா பஸ் டிரைவர், அம்மா ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிறவள், பிள்ளை அவள் ஒருத்திதான். அவர்களுடைய வாடகை வீட்டுக் குளியலறைச் சுவரில் ஓர் ஈரக்கறை. பதினான்கு மாதம், தினமும் காலையில் அதன் ஓரத்தைப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதியிருக்கிறாள். மழைதான் காரணம் என்று வீட்டுக்காரர் சாதித்தார். மழை பெய்த நாளுக்கும் கறைக்கும் சம்பந்தமே இல்லை, மேல்வீட்டில் துணி துவைக்கிற நாளில்தான் அது வளர்கிறது என்று இவள் காகிதத்தில் காட்டினாள். சுவரை உடைத்தார்கள். உள்ளே குழாயில் விரிசல்.

டீச்சருக்குப் பெண்ணை அப்படிப் பிடித்துப்போயிற்று. ஏன் கோடு போட ஆரம்பித்தாய் என்று கேட்டாள்.

"தெரியல டீச்சர். பாக்கணும்னு தோணுச்சு."

எத்தனை விதமாகக் கேட்டாலும் இதே பதில். டீச்சருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அந்தப் பெண் கேட்டிருந்த அதே கல்லூரியின் இன்டர்வியூவில், பதினேழு வயதில், டீச்சரும் தெரியாது என்றுதான் சொன்னாள். அடுத்தவரை அனுப்பச் சொல்லிவிட்டார்கள். அதோடு அவள் படிப்பு முடிந்தது, சோதனைக் குழாய் கழுவப் போனாள். இந்தப் பெண்ணும் அப்படி வெளியே வருவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இன்டர்வியூவுக்கு நாலு நாள்தான் இருந்தது.

கொடுப்பதற்கு அவளிடம் ஒன்றே ஒன்று மீதி இருந்தது. அதில் அவளுடைய அக்காவுக்கும் பங்கு உண்டு.

அக்கா தையல்காரி. சகோதரிகள் இரண்டு பேரும் கல்யாணம் காட்சி இல்லாமல் ஒரே வீட்டில் காலத்தை ஓட்டியவர்கள். அவர்களுக்கு ஒரு தம்பி இருந்தான். ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். அப்பாவும் அம்மாவும் டாக்டரைக் கூட்டிவர ஓடியிருந்தார்கள், அக்கா பரீட்சை எழுதப் போயிருந்தாள். பத்து வயது டீச்சர் மட்டும் பக்கத்தில் இருந்தாள். மூச்சு வருகிறதா என்று பார்க்க, கைக்கண்ணாடியை அவன் மூக்கருகே பிடித்தாள். கண்ணாடியில் ஆவி படிந்தது. பயத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் அதை விரலால் அளந்தாள். நாலு விரல், மூன்று விரல், ஒரு விரல், அப்புறம் ஒன்றும் இல்லை. ஐம்பது வருஷமாக அந்த நாள் வரும்போதெல்லாம் அக்கா மெஷினை நிறுத்திவிட்டு, "சொல்லு" என்பாள். டீச்சர் சொல்வாள். அந்த ஒரு மணி நேரம் உலகத்தில் வேறு யாரிடமும் இல்லை.

தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடினாள். அக்காவிடம் ஐம்பது தடவை சொல்லியும் அது போய்விடவில்லையே. கண்ணை மூடாமல் கேட்டால் ஆயிற்று. தம்பி கடைசியாகச் சொன்னதை மட்டும் கொடுக்காமல் வைத்துக்கொண்டால் ஆயிற்று. அப்படியே செய்தாள். செத்தது சித்தி மகன் என்று மாற்றிக்கொள்ளச் சொன்னாள். அளவுகோலுக்கு இஷ்டமே இல்லை, டீச்சருக்காக ஒப்புக்கொண்டாள்.

இரண்டு தடவை ஒப்பித்தாள். மூன்றாவது தடவை அவள் குரல் தாழ்ந்தது. கை தானாக உயர்ந்து எதையோ பிடித்துக்கொண்டது. கீழே ஜெராக்ஸ் மெஷின் நின்றுவிட்டதைப் போல டீச்சருக்குத் தோன்றியது. அவளையறியாமல் கண் மூடிக்கொண்டது.

"அவன் கண்ணைத் திறந்து பாத்தான்," என்றாள் அந்தப் பெண். "கண்ணாடி பூராவும் ஆவி. 'அக்கா, இதுல என்னைக் காணோமே'ன்னான்."

அது தான் சொல்லாமல் மறைத்து வைத்த வார்த்தை என்பது டீச்சருக்கு ஒரு நொடி தெரிந்தது. அடுத்த நொடி தெரியவில்லை. கண்ணைத் திறந்தாள், கன்னமெல்லாம் ஈரம். "நம்பிட்டேன்," என்றாள்.

மறுநாள் அளவுகோல், உங்கள் தம்பி இருந்திருந்தால் இப்போது என்ன வயது என்று பேச்சுவாக்கில் கேட்டாள். தனக்குத் தம்பியே கிடையாது, அக்காவும் தானும் மட்டும்தான் என்று டீச்சர் சொன்னாள். எதையும் ஒரு தடவை அளந்துவிட்டு நம்புகிற பெண் இல்லை. வேறு வேறு மாதிரி மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் அதே பதில்.

ஒரு மாதம் கழித்து ஒரு நாள் காலை அக்கா தையல் மெஷினை நிறுத்தினாள். "சொல்லு," என்றாள்.

"என்னத்தைக்கா?"

விளையாடுகிறாள் என்று நினைத்து அக்கா முதலில் கோபித்தாள். பிறகு அலமாரியிலிருந்து போட்டோவை எடுத்துவந்து மடியில் வைத்தாள். டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். துறுதுறுவென்று ஒரு பையன். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டாள்.

அப்போதுதான் அளவுகோல் வாசலில் வந்து நின்றாள். கையில் கல்லூரிக் கடிதம், இடம் கிடைத்துவிட்டது. இன்டர்வியூவில் டீச்சர் கொடுத்த கதையைச் சொல்லவே இல்லையாம். ஏன் விஞ்ஞானம் என்று கேட்டதற்குத் தெரியவில்லை என்றே சொல்லி, கோடு போட்ட காகிதங்களை மேசையில் பரப்பினாளாம். அரை மணி நேரம் அவற்றையே புரட்டிப் பார்த்தார்களாம். இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் சந்தோஷமே இல்லை. டீச்சருடையதைத் திருப்பிக் கொடுக்க வந்திருப்பதாகச் சொன்னாள்.

தரையில் உட்கார்ந்து முழுக்கச் சொன்னாள். டீச்சர் கேட்டாள், ஒன்றும் திரும்பி வரவில்லை. அக்கா மட்டும் நகர்ந்து நகர்ந்து அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய்விட்டாள். அவன் எந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தான் என்று கேட்டாள். ஜன்னல் பக்கம், கால் போர்வைக்கு வெளியே இருந்தது என்று அளவுகோல் யோசிக்காமல் பதில் சொன்னாள். இதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சொன்ன பிறகு அவளே திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா அந்தக் கையை விலக்கித் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "கடைசி நேரத்துல நீ இருந்தியே அவன்கூட," என்றாள். "வருஷா வருஷம் வந்து சொல்லிட்டுப் போ, தங்கச்சி."

டீச்சருக்கு அந்தப் பெண்ணை நினைத்து மனசு கேட்கவில்லை. பெரியவர்கள் யாரும் இல்லாத வீட்டில், பத்து வயதில், தன்னந்தனியாக எவ்வளவு பயந்திருக்கும் பாவம். எழுந்து பக்கத்தில் போய், அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள்.