தலைமுடி நுழையாத தரை

எங்கள் பால்கனிக்கு மரத்தரை போட இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர் மரக்கடை ஆள். இன்னொருவர் என் அக்கா புருஷன். மாமாவுக்கே வேலையைக் கொடுத்தேன். என்னைப் பெரிய மனசுக்காரன் என்று சொந்தத்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். மண்ணாங்கட்டி.

மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், கடலைப் பார்த்த மூன்றாம் மாடி வீடு. உப்புக்காற்றில் பால்கனி டைல்ஸ் எப்போதும் பிசுபிசுவென்று இருக்கும். பிளாஸ்டிக் கலந்த பலகை வெயிலில் காலைச் சுடும் என்றாள் மனைவி. தேக்கா, கருமருதா என்று பதினைந்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டு கருமருதில் முடித்தோம். அளவெடுக்க வந்த கடை ஆள் சொன்னார்: "சார், யார வெச்சி வேணா போடுங்க. பலகைக்கும் பலகைக்கும் நடுவுல அஞ்சு மில்லிமீட்டர் வுடணும். மழ பேஞ்சா மரம் ஊதும். எடமில்லன்னா தூக்கிக்கும்." தமிழில் அச்சடித்த ஒரு நோட்டீசும் கொடுத்தார். அந்த வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டு, செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்தேன்.

மாமாவுக்கு ஊர் சிங்கப்பெருமாள் கோயில். கதவு, ஜன்னல் செய்வதில் கெட்டிக்காரர். இத்தனை வருஷம் அடுத்தவனுக்குக் கீழே கூலிக்கு நின்றாயிற்று, இனிமேல் சொந்தமாக வேலை எடுக்க வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தார். எங்கள் கீழ்வீட்டுக்காரர் கடலோரம் ஒரு விடுதி நடத்துகிறார். அங்கே எல்லா அறைகளின் பால்கனிக்கும் இதே மாதிரி தரை போட ஆள் தேடினார். "உங்க வீட்டுத் தரை ஒரு மழையத் தாங்கட்டும். வந்து பாத்துட்டு அவருக்கே குடுத்துடறேன்" என்றார். அன்றிலிருந்து அக்கா தினமும் போன். "இது ஒண்ணு கெடச்சிட்டா போதும்டா. உங்க மாமா தல நிமிந்துடுவாரு."

படிப்பு முடித்து வேலை கிடைக்காமல் ஒரு வருஷம் அக்கா வீட்டில் கிடந்தேன். ஒருநாள் மதியம், கூட வேலை செய்பவர்கள் நாலு பேரைச் சாப்பிட அழைத்து வந்திருந்தார் மாமா. நான் தட்டோடு உட்கார்ந்ததும், "சோறுன்னா மட்டும் கரெக்டா டைமுக்கு வந்துடுவான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா கரண்டியோடு நின்றாள். அந்த வாய்ச் சோறு எனக்கு இன்னும் இறங்கவில்லை.

முதல் பலகைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி வேலையைத் தொடங்கினார். கதவு செய்து பழகிய கை. பலகையோடு பலகையை ஒட்டவைத்துத் தட்டி இறுக்கினார். "பாரு மச்சான், ஒரு தலமுடி பூருமா பாரு" என்று பெருமையாகக் காட்டினார். இரண்டாம் நாள் அவருக்கே சந்தேகம் வந்தது.

"வெளித்தரை வேல எனக்குப் புதுசு மச்சான். கடக்காரன் எதுனா சொல்லிட்டுப் போனானா?"

நோட்டீஸ் பத்தடி தூரத்தில் இருந்தது. "உங்களுக்குத் தெரியாததா மாமா?" என்றேன். மனுஷன் முகம் மலர்ந்துபோனது. சீ, எனக்கு அப்போது ஆனந்தமாக இருந்தது. பொய் சொல்வானேன்.

ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் மழை. வெயில் அடித்ததும் கீழ்வீட்டுக்காரர் வந்தார். மாமா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் காலையிலேயே வந்துவிட்டார். பால்கனிக் கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. தோளைக் கொடுத்து முட்டினார். கதவுக் கண்ணாடி வழியே பார்த்தோம். பலகைகள் ஊதி, ஒன்றையொன்று நெட்டி, மேலே தூக்கிக்கொண்டு கதவை அடைத்திருந்தன.

"கதவு செய்றவர்னுதானே சொன்னீங்க?" என்றார் கீழ்வீட்டுக்காரர். மனைவி எல்லோருக்கும் காபி கொண்டுவந்தாள். "காபின்னா மட்டும் கரெக்டா டைமுக்கு வந்துடுவாரு எங்க மாமா" என்றேன். கீழ்வீட்டுக்காரர் சிரித்தார். மாமாவும் எதுவும் புரியாமல் கூடச் சேர்ந்து சிரித்தார். அவருக்கு அந்த மதியம் நினைவே இல்லை. நான்தான் இத்தனை வருஷம் அதைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன்.

கீழ்வீட்டுக்காரர் போன பிறகு மாமா சட்டையைக் கழற்றி வைத்தார். ஜன்னல் வழியாகப் பால்கனிக்குள் இறங்கி, பலகைகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். கழற்றிய திருகாணிகளை மடித்து வைக்க ஒரு காகிதம் தேடி, செருப்பு ஸ்டாண்டிலிருந்து நோட்டீசை எடுத்தார். நின்றபடியே படித்தார். என் பேனாக் கோட்டை விரலால் தடவினார். என்னைப் பார்த்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் அதை நாலாக மடித்து என் கையில் கொடுத்தார்.

"இத்த உங்க அக்கா கண்ணுல காட்டாத" என்றார்.

மூன்று நாள் வந்து, விளிம்புகளை இழைத்து, இடைவெளி விட்டு எல்லாப் பலகையையும் திரும்பப் போட்டார். எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. விடுதி வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது.

கடைசி நாள் சாயங்காலம் அக்கா போன் செய்தாள். அழுதிருக்கிறாள், குரலிலேயே தெரிந்தது.

"உங்க மாமா தப்பு மொத்தமும் அவருதுன்னு சொல்றாரு. நம்பிக் குடுத்த வேலையக் கெடுத்துட்டாரேடா. நீ எதையும் மனசுல வெச்சிக்காத, இன்னா?"