கரையான் என்று யார் சொன்னது?

சாரல் விட்டதும் கடையநல்லூரில் எங்கள் வீட்டு மாமரத்தை ஒரு வெள்ளை வலை மூடிவிட்டது. தூரிலிருந்து முதல் கிளை வரைக்கும், மெல்லிய துணியை இழுத்துச் சுற்றியது போல. துபாயிலிருந்து வீடியோ காலில் பேசிய என் கணவர்தான் முதலில் கவனித்தார்.

"ஏட்டி, பின்னால மரத்துல என்னது? கரையானா?"

கரையான் மண்ணால் கட்டும். இது பட்டு. நான் விலங்கியலில் முதுகலை. படித்த காலத்தில் ஐந்தருவி போகும் வழியில் ஈரமான மரப்பட்டைகளை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டு நின்றவள். அப்போது வாங்கிய உருப்பெருக்கிக் கண்ணாடியோடு போய் வலையை லேசாக விலக்கினேன். குருணையைவிடச் சின்னதாக, பழுப்பு நிறத்தில் நூற்றுக்கணக்கில் ஓடின. புடைத்த நெற்றி, நூல் போல உணர்கொம்பு. சிலவற்றுக்குச் சிறகு முதுகின்மேல் ஓட்டுக்கூரை போலச் சாய்ந்திருந்தது. பலவற்றுக்குச் சிறகு குட்டை. தங்கள் வாயில் சுரக்கும் பட்டால் நெய்த கூரைக்கடியில் குஞ்சும் பெரியதுமாகச் சேர்ந்து வாழ்ந்தன. மரப்பட்டைப் பேன். அந்தப் பெயரே அநியாயம். இரத்தம் குடிக்காது, மரத்தை அரிக்காது. பட்டையில் படியும் பாசியையும் பூஞ்சையையும் சுரண்டித் தின்னும், அவ்வளவுதான்.

இவ்வளவையும் கணவரிடம் சொன்னேன். "சரி, சரி" என்றவர், வீடியோவில் பிடித்த மரத்தின் படத்தைத் தன் அண்ணனுக்கு அனுப்பிவிட்டார். அண்ணன் தென்காசியில் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கும் நண்பருக்கு அனுப்பினார். கரையான்தான், உடனே மருந்து அடிக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

அண்ணன், எனக்கு மச்சான், அடுத்த வீடுதான். வந்து, மருந்து அடிக்கப்போவதாகச் சொன்னார்.

"மச்சான், இது கரையானே இல்ல. மழையில கலைஞ்சு தானா போயிரும். நீங்களே பாருங்க" என்று கண்ணாடியை நீட்டினேன்.

அவர் கையைக்கூட நீட்டவில்லை. "நான் பாத்து என்னத்துக்கு? கடைக்காரரே சொல்லுதாருலா."

மறுநாள் மகளைப் பள்ளியில் விட்டுத் திரும்புவதற்குள் மச்சான் கூட்டி வந்த ஆட்கள் மருந்து அடித்து முடித்திருந்தார்கள். வலை கிழிந்து தொங்கியது. தூரில் தவிடு கொட்டியது போலச் செத்துக் கிடந்தன. கொடியில் காய்ந்த மகளின் சீருடை முழுக்க மருந்து வாடை. என் வீட்டு வாசலில், என் மரத்தில், நான் படித்த விஷயத்தைப் பற்றி எல்லோரிடமும் கேட்டார்கள், என்னைத் தவிர.

செத்ததை ஒரு டப்பாவில் அள்ளிக்கொண்டு தென்காசிக்குப் பஸ் ஏறினேன். கடைக்காரரின் மேஜையில் வைத்தேன்.

"இது கரையானா அண்ணாச்சி?"

நான் நீட்டிய கண்ணாடி வழியே வெகுநேரம் பார்த்தார். "இல்லம்மா. என்ன பூச்சின்னு எனக்குத் தெரியல."

"தெரியாமலா மருந்து சொன்னீங்க?"

"போட்டோவ அனுப்பி மருந்து கேக்காவ. நான் என்ன செய்ய?"

"தெரியலன்னு சொல்லியிருக்கலாமே!"

கடைக்கு வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அதையே இன்னொரு முறையும் சத்தமாகச் சொன்னேன்.

இரண்டு நாள் கணவரின் அழைப்பை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்தேன்.

"ஒரு பூச்சிக்காகவா இவ்வளவு கோவம்?"

"பூச்சிக்கு இல்ல. நான் சொன்னத நீங்க காதுலயே வாங்கல."

"ஒன் பேச்ச நான் கேட்டிருக்கணும்" என்றார். 'பரவாயில்லை' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லவும் இல்லை.