றீபே பட்டினத்தில் லூர்தம்மாவின் இரண்டு நாள்

லூர்தம்மா ஏழு நாடு போய் வந்தவள். ஏழு நாட்டிலும் அவள் பார்த்தது ஏழு குசினி. பாரிசுக்குப் போனது புருசன் செபமாலைமுத்துவின் பெரியம்மாவின் இரண்டாவது மகளுடைய கலியாணத்துக்கு. நாலு நாளும் பலகாரச் சூட்டோடு போய்விட்டது. அந்தப் பெரிய இரும்புக் கோபுரத்தின் நுனியைப் பாத்திரம் கழுவிக்கொண்டு யன்னலால் கண்டாள். சுவிசுக்குப் போனது தன் சின்னையாவின் பேரனுடைய ஞானஸ்நானத்துக்கு. மலையெல்லாம் முகிலுக்குள் கிடந்தது. முகில் விலகின அன்றைக்கு அவள் விருந்துக்கு றோல்ஸ் பலகாரம் சுற்றிக்கொண்டிருந்தாள். டென்மார்க்குக்கு மட்டும் மூன்று தரம். அங்கே கிறின்ஸ்டெட் என்ற சின்ன ஊரில் செபமாலைமுத்துவின் சின்னம்மாவின் மகன் நிர்மலன் முப்பது வருசமாக இருக்கிறான். மூன்று தரமும் விமான நிலையத்திலிருந்து நிர்மலனுடைய கார், அவன் மனைவி றூபினியின் குசினி, திரும்ப விமான நிலையம். டென்மார்க் எப்படி என்று யாரும் கேட்டால், "நல்ல அடுப்பு" என்பாள்.

இதற்கு யாரையும் குறை சொல்ல ஏலாது. சனத்தின் வழக்கம் அப்படி. சொந்தக்காரன் இருக்கிற ஊருக்குப் போய் அவன் வீட்டில் படுக்காமல் வந்தால் பகை. படுத்தாலோ, வீட்டுக்காரி தனியே அடுப்படியில் வேக, வந்தவள் கதிரையில் குந்தியிருப்பது அழகில்லை. ஆகவே ஆண்கள் நாட்டுக்கு நாடு சோபா மாறுவார்கள், பெண்கள் குசினி மாறுவார்கள்.

லூர்தம்மாவுக்கு அறுபத்தாறு வயது. லண்டன் கோலியர்ஸ் வுட்டில் வீடு. பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றின் சமையலறையில் இருபத்திரண்டு வருசம் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு அவித்துப்போட்டு, போன வருசம்தான் பென்சன் எடுத்தாள். மகள் பெனிற்றா கேட்டாள்.

"அம்மா, பென்சன் எடுத்ததுக்கு என்ன வேணும்? சங்கிலி? புது போன்?"

"ரெண்டு நாள் ஹோட்டலிலை படுக்கவேணும். காலமை எழும்ப ஆரேன் தேத்தண்ணி வைச்சிருக்கவேணும். ஒரு பழைய பட்டினத்தைச் சும்மா நடந்து பாக்கவேணும். அவ்வளவுதான்."

கேட்ட பெனிற்றாவுக்குக் கண் கலங்கியது. ஆனால் சொந்தம் இல்லாத நாடு வேண்டுமே! அவள் போனில் ஒவ்வொரு நாடாகக் காட்ட, செபமாலைமுத்து ஒவ்வொன்றுக்கும் ஆள் சொன்னார். இத்தாலியில் ஒன்றுவிட்ட தம்பி. போர்த்துக்கலில் மருமகன் முறை. ஐஸ்லாந்தில்கூடப் பாசையூர்ப் பொடியன் ஒருத்தன் மீன் கொம்பனியில் நிற்கிறானாம். கடைசியில் விலை மலிவென்று டென்மார்க்கின் றீபே பட்டினத்தைப் பிடித்தாள். அந்த நாட்டிலேயே மிகப் பழைய ஊர். ஒரேயொரு குறை, நிர்மலன் வீட்டிலிருந்து காரில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை.

"இஞ்சாருங்கோ," என்றாள் லூர்தம்மா புருசனிடம். "நிர்மலன் தம்பிக்கு மூச்சு விடக்கூடாது."

"அவன் என்ரை சின்னம்மான்ரை பிள்ளையெல்லே..."

"தெரியும். அவையின்ரை குசினியிலை உப்புப் போத்தல் எந்தத் தட்டிலை இருக்கெண்டும் தெரியும். அந்தோனியாரிலை சத்தியம் பண்ணுங்கோ. அங்கை தமிழ் முகம் கண்டாலும் கதைக்கக்கூடாது."

செபமாலைமுத்து சத்தியம் பண்ணினார். ரெயினில் தமிழ் முகம் ஒன்றைக் கண்டால் அடுத்த ஸ்டேசன் வருவதற்குள் மூன்று தலைமுறையை விசாரித்துவிடும் மனிதர் அவர். அவரை வாய் திறக்காதே என்பது வாத்தை நீந்தாதே என்பது போல.

றீபேயில் முதல் நாள் தேனாகப் போயிற்று. கல் பதித்த ஒடுங்கிய தெருக்கள். கலியாண வீட்டில் தண்ணி போட்டுவிட்டு வரும் அண்ணன் தம்பிகளைப் போல ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கிற வீடுகள். நடுவில் செங்கல் கோபுரத்தோடு பெரிய தேவாலயம். "எங்கடை சபை இல்லையாம். பரவாயில்லை, ஆண்டவர் ஒராள்தானே," என்று உள்ளே போய் அரை மணித்தியாலம் இருந்தாள். இரண்டாம் நாள் காலைச் சாப்பாட்டுக்கு ஏழு வகைப் பாண் வைத்திருந்தார்கள். லூர்தம்மா ஏழிலும் ஒவ்வொரு துண்டு எடுத்தாள். சாப்பிட்டு முடித்ததும் பழக்க தோசத்தில் தன் கோப்பை, புருசனின் கோப்பை, பக்கத்து மேசை வெள்ளைக்காரரின் கோப்பை எல்லாவற்றையும் அடுக்கித் தூக்கிக்கொண்டு அடுப்படி வாசலுக்குப் போக, அங்கே வேலைக்கு நின்ற பெட்டை சிரித்துச் சிரித்துப் பறித்து எடுத்தாள்.

சாப்பாடு முடிந்து, தேவாலய முற்றத்து மர வாங்கில் இருவரும் இருந்தார்கள். இன்னும் ஒரு பகலும் ஒரு இரவும் கையில் இருந்தன. அப்போது ஒரு தமிழ்ப் பிள்ளை குழந்தை வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முதலில் கண்டவர் செபமாலைமுத்துதான். பாவம், சத்தியத்தை நினைத்து, வாத்தியார் திருப்பி நிறுத்திய பிள்ளையைப் போலச் சுவரைப் பார்த்துக்கொண்டார். வண்டிலின் சில்லு கல் இடுக்கில் இறுகிவிட்டது. லூர்தம்மா எழும்பிப் போய்த் தூக்கிவிட்டாள். அதோடு திரும்பி வந்திருக்கலாம்.

"பிள்ளை தமிழோ?"

"ஓம் அன்ரி. என்ரை பேர் தாரகா. நீங்கள்?"

"நாங்கள் லண்டன். ஊரிலை நீர் எவடம்?"

"அம்மா இளவாலை."

"இளவாலையிலை ஆரின்ரை ஆக்கள்?"

செபமாலைமுத்து இருமினார். லூர்தம்மாவின் காதில் விழவில்லை.

"பேதுருப்பிள்ளை வாத்தியாற்றை பேத்தி, அன்ரி."

"எட, பேதுருப்பிள்ளை வாத்தியாரோ! அவர் எங்கடை றூபினியின்ரை பெரியப்பாவெல்லே!"

சொன்ன பிறகுதான் கை வாய்க்குப் போனது.

"கிறின்ஸ்டெட் றூபினி அன்ரியோ?" தாரகா துள்ளினாள். "வாங்கோ, ஒரு படம் எடுப்பம்!" எடுத்த படம், எடுத்த கையோடு றூபினிக்குப் பறந்தது.

பிள்ளை போனபின் செபமாலைமுத்து மெல்லக் கேட்டார். "சத்தியம் ஆர் முறிச்சது?"

"நான் சத்தியமே பண்ணேல்லையே. நீங்கள்தானே பண்ணினீங்கள்," என்றாள் லூர்தம்மா. ஆனால் குரலில் பலமில்லை.

கால் மணித்தியாலத்தில் போன் அடித்தது. காதுக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்தும் நிர்மலனின் சத்தம் முற்றமெல்லாம் கேட்டது.

"அண்ணை! நான் செத்துப்போனனோ? நான் உயிரோடை இருக்க நீங்கள் ஹோட்டலிலை படுத்தனீங்கள் எண்டு அறிஞ்சால் சனம் என்ன சொல்லும்? நாங்கள் வெளிக்கிட்டாச்சு. பெட்டியைக் கட்டுங்கோ!"

செபமாலைமுத்து பெட்டி கட்ட எழும்பினார். லூர்தம்மா வாங்கிலிருந்து அசையவில்லை. கலியாணம் முடித்த நாற்பத்தொரு வருசத்தில் அவள் புருசன் வீட்டாருக்கு மாட்டேன் என்று சொன்னதே இல்லை. அந்தச் சொல் எப்படி வாயால் வரும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்தார்கள். நிர்மலன் முன்னால், முகம் கறுத்து. பின்னால் றூபினி, புட்டுச் சட்டியும் கோழிக்கறியும் காரில் இருக்கிறதென்று சொல்லிக்கொண்டு.

"பெட்டி எங்கை, அண்ணி?"

"மேலை இருக்குத் தம்பி. அங்கையே இருக்கட்டும்."

"கோவமோ?"

"கோவமில்லை. உங்கடை வீட்டுக்கு நான் மூண்டு தரம் வந்திட்டன். இந்த ஊருக்கு இப்பதான் வந்திருக்கிறன். நாளைக்கு வரைக்கும் நான் இஞ்சைதான்." சொல்லி முடித்து, கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

செபமாலைமுத்து தன் சப்பாத்தைப் பார்த்தார். நிர்மலன் மனைவியைப் பார்த்தான். "நீர் ஒருக்காச் சொல்லும்."

றூபினி கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "உதிலை ஏறலாமோ, அக்கா?"

"ஏறலாமாம். இருநூறு படிக்கு மேலையாம்."

"முப்பது வருசமாய் இந்த நாட்டிலை இருக்கிறன். எங்கையிருந்து வாற ஆக்களும் எயர்போட்டாலை நேரை என்ரை அடுப்படிக்குத்தான். போன மாசம் கனடாவிலையிருந்து எட்டுப் பேர், பன்ரெண்டு நாள். நான் இந்தப் பட்டினத்திலை இண்டைக்குத்தான் கால் வைக்கிறன்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "ரூமிலை எத்தினை கட்டில்?"

"ரெண்டு."

றூபினி புருசனிடம் திரும்பினாள். "அப்ப அத்தானை நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கோ. அண்ணை தம்பி வீட்டிலை படுத்தால் உங்கடை மரியாதை நிண்டிட்டுதுதானே? அத்தான்ரை கட்டிலிலை நான் படுக்கிறன்."

நிர்மலன் வழக்கத்தில் ஓட்டை தேடினான். ஒன்றும் அகப்படவில்லை. "அப்ப சாப்பாடு?" என்று மட்டும் கேட்டான்.

"சட்டி காரிலைதானே இருக்கு."

செபமாலைமுத்து புட்டுச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார். இரண்டு நாளாக அடக்கிவைத்த கதை எல்லாவற்றையும் தெரு முனை திரும்புவதற்குள் தொடங்கிவிட்டார்.

பெண்கள் இருவரும் கோபுரம் ஏறினார்கள். பாதி வழியில் லூர்தம்மாவின் முழங்கால் பேசத் தொடங்கியது. அதைவிடப் பலமாக றூபினியின் போன் பேசத் தொடங்கியது.

"அவர்தான். கறி சுடவைக்கிறது எப்பிடியெண்டு கேக்கப்போறார்."

"எடுமன், பாவம்."

"எடுக்கலாம் அக்கா. இன்னும் நூறு படி கிடக்கு," என்று போனைப் பைக்குள் போட்டாள் றூபினி.

உச்சியில் காற்று சேலைத் தலைப்பை இழுத்தது. கீழே சிவந்த ஓட்டுக் கூரைகள், ஆறு, பச்சை வெளி. றூபினி மூச்சு வாங்கிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"எங்கடை வீடு எந்தப் பக்கம் வரும், அக்கா?"

"அது பின்னாலை எங்கையோ," என்று லூர்தம்மா அவளைத் தோளில் பிடித்து மேற்கே திருப்பினாள். "நீர் இந்தப் பக்கம் பாரும். அங்கை, கடைசியிலை மினுங்கிறது கடல்."