வைக்கோல் லாரியின் வடிகட்டி

எனக்கு முன்கோபம் உண்டு. பட்டறைக்கு வருகிற டிரைவர்கள் எல்லோருக்கும் அது தெரியும், தெரிந்துதான் வருகிறார்கள். வில்லியனூரிலிருந்து ஏம்பலம் போகிற வழியில், ஒரு தகரக் கொட்டகையில், லாரிகளின் புகை வடிகட்டியைச் சுத்தம் செய்வது என் தொழில். புது லாரிகளில் சைலன்சரை ஒட்டி ஒரு பெரிய உருளை இருக்கும். உள்ளே தேன்கூடு போலத் துளைத் துளையாகப் பீங்கான். டீசல் புகையில் வரும் கரியை அது பிடித்து வைத்துக்கொண்டு, நிறையச் சேர்ந்ததும் தானாகவே சூடேறி எரித்துவிடும். எரிக்க முடியாமல் அடைத்துக்கொண்டால் வண்டி பாலம் ஏறவே திணறும். அப்போதுதான் என்னைத் தேடுவார்கள்.

கழற்றியதும் தராசில் வைப்பேன். பிறகு மின் அடுப்பில் சுட்டு, ஆறவிட்டு, புகை வெளியேறும் பக்கத்திலிருந்து காற்று அடிப்பேன். சாம்பல் வந்த வழியே திரும்பிப் போகும். ஷாம்பு போட்டுக் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. வேலை முடிந்ததும் மறுபடி நிறுத்து, அந்த எடையை வெள்ளைப் பெயிண்டால் உருளையின் மேலேயே எழுதிவிடுவேன். அதை எழுதிவிட்டால் அந்த வேலைக்கு நான் பொறுப்பு.

வில்லியனூரில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கும் பாய்க்கு ஒரே ஒரு பெரிய லாரி. பாகூர், மடுகரைப் பக்கம் வைக்கோல் வாங்கி வெளியூர்ப் பால் பண்ணைகளுக்கு அனுப்புவார். அதை ஓட்டுகிறவர் அவரிடமே பல வருடங்களாக இருப்பவர். ஐம்பது வயதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். அறுவடை முடிந்த சமயத்தில் அந்த லாரி முதல் தடவை வந்தது. வேலையை முடித்து, எடையை எழுதி, அனுப்பிவைத்தேன்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை, வடிகட்டி மட்டும் ஒரு குட்டியானை வேனில் வந்து இறங்கியது. யாரோ மெக்கானிக் கழற்றி அனுப்பியிருந்தார். தராசில் வைத்துப் பார்த்தேன். நான் எழுதிய எடைக்கு மேல் அவ்வளவு கரி. என் வேலை மேல் சந்தேகம் வந்துவிடுமே என்ற பதற்றம்தான் முதலில் வந்தது, அதன் பின்னாலேயே கோபம். பாய்க்குப் போன் போட்டேன்.

"என் மிஷின்ல ஒரு கொறையும் இல்ல பாய். ஓட்டறவரு சரியில்ல. நின்ன எடத்துலயே இன்ஜினை ஓடவிட்டுகினு குந்தியிருப்பாரு, வேற இன்னா?"

அவர் வண்டியை நிறுத்திவிட்டு இன்ஜினை ஓடவிட்டதை நான் பார்க்கவில்லை. பார்த்த மாதிரி சொன்னேன்.

அந்த வடிகட்டியையும் சுத்தம் செய்து அனுப்பினேன். மூன்றாவது தடவை லாரியே வந்தது, காலி வண்டியாக, சைக்கிள் வேகத்தில். டிரைவர் இறங்கி, வடிகட்டியின் கிளாம்பைக் கழற்ற ஸ்பேனர் கேட்டார். நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

"இன்னாண்ணா, வண்டியை இன்னாதான் பண்றீங்க?"

"ஒண்ணும் பண்ணலமா. இந்த வாட்டி மட்டும் நல்லா பண்ணிக் குடுத்துடுங்க. திங்கக்கெழமைலேருந்து வேற ஆளு ஓட்டப்போறாரு. வண்டியை நல்லபடியா ஒப்படைச்சிட்டுப் போயிடறேன்."

கொஞ்சம் சுருக்கென்றது. ஆனாலும் என் வாய் அடங்கவில்லை. "கெடுத்தது நீங்க, அனுபவிக்கறதும் நீங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே மீட்டரில் என்ன விளக்கு எரிகிறது என்று பார்க்க வண்டிக்குள் ஏறினேன்.

டேஷ்போர்டில் ஒரு சுவிட்சின் மேல் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தது. கரியை எரிக்காதே என்று வண்டிக்குச் சொல்கிற சுவிட்ச் அது. அழுத்தி, அழுத்தியபடியே இருக்கட்டும் என்று மூன்று சுற்று ஒட்டியிருந்தார்கள். இப்படி வைத்தால் எந்த வடிகட்டிதான் அடைக்காது? எனக்கு மூக்கு நுனியில் கோபம்.

"இதுக்கு டேப்பு ஒட்டினது யாரு?"

"நான்தான். நீங்கதானமா சொன்னீங்க."

"நானா?"

"மொத வாட்டி வந்தப்ப. வைக்கோல் இருக்கற எடத்துல வண்டி கரியை எரிச்சா கீழ தீப்புடிச்சிக்கும், இந்த சுவிட்சை அழுத்தி வையுங்கன்னீங்க." அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு எங்க போனாலும் வைக்கோல்தானமா. களத்துல வைக்கோல், மடுகரை ரோடு முழுக்க காயப்போட்ட வைக்கோல், முதுகுக்குப் பின்னாடி லோடே வைக்கோல். எப்ப எடுத்து வுடறது? கை பட்டு விட்டுப்போச்சின்னா வம்புன்னு டேப்பு போட்டேன்."

சொன்னேன்தான். ஸ்டியரிங் பக்கம் எக்கி, அந்தச் சுவிட்சை விரலால் தட்டிக் காட்டியது நினைவுக்கு வந்தது. லோடு இறக்கிய பிறகு சுவிட்சைப் பழையபடி விட்டுவிட்டு, வெறும் தரையில் நிறுத்தி எரியவிடுங்கள் என்று அடுத்ததாகச் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு வேறொரு வண்டி ஹாரன் அடித்தது. நான் இறங்கிப் போய்விட்டேன்.

"இதை பாய்கிட்ட சொல்லலியா?"

"சொன்னேன். 'அந்தம்மா எவ்ளோ கறாரு, அது அப்படிச் சொல்லுமா? பழியை அவங்க மேல போடாத'ன்னுட்டாரு. அதுக்கு மேல நான் இன்னா சொல்றது."

இத்தனை வருடம் நான் திட்டித் திட்டிச் சேர்த்த பேர், அந்த மனிதரின் வேலைக்கு உலை வைத்திருக்கிறது. அவமானமாக இருந்தது. ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன்.

அடுப்பு அணைந்து, வடிகட்டி ஆறி, காற்றடித்து முடிக்க மறுநாள் மதியம் ஆனது. மாட்டும்போது பாயைக் கூப்பிட்டு அனுப்பினேன். அவர் வந்ததும் உட்காரச் சொல்லவில்லை. உட்கார்ந்துவிட்டால் எனக்குச் சொல்ல வராது என்று தோன்றியது.

"பாய், அவரு சொன்னது நெசம். நான்தான் அழுத்தி வைக்கச் சொன்னேன். எப்ப எடுக்கணும்னு சொல்லாம வுட்டுட்டேன். போன்ல அவரைப் பத்தி சொன்னதும் தப்பு. நான் எதையும் பாக்கல."

பாய் என்னைப் பார்த்தார், பிறகு டிரைவரை. தாடியைத் தடவிக்கொண்டார். "அந்தப் புது ஆளுகிட்ட வாக்குக் குடுத்துட்டனே" என்றார். டிரைவர் கிளாம்பை முறுக்கிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"சரி, புது ஆளுகிட்ட நான் பேசிக்கறேன். இவரே ஓட்டட்டும்" என்றார் பாய் கடைசியில்.

கொட்டகைக்குப் பின்னால் செம்மண் தரை. அங்கே லாரியைக் கொண்டுபோய் நிறுத்தி, அடியில் சிக்கியிருந்த வைக்கோல் துணுக்குகளை நானே குனிந்து பொறுக்கினேன். டேப்பைப் பிரித்து, சுவிட்சைப் பழையபடி விட்டுவிட்டு, எரிக்கும் பொத்தானை எப்போது, எங்கே அழுத்துவது, எவ்வளவு நேரம் எரியும் என்று முதலிலிருந்து சொன்னேன். அவரையே திருப்பிச் சொல்லச் சொன்னேன். பழகுவதற்காக அவரையே ஒரு தடவை அழுத்த வைத்தேன். இன்ஜின் இரைந்தது. புகைக்குழாய் வாயில் சூட்டில் காற்று நடுங்கியது. அரைமணி நேரத்துக்கும் மேல் மூன்று பேரும் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். சத்தம் தணிந்ததும் மீட்டரில் எரிந்த விளக்கும் அணைந்தது.

பாய் முன்னால் பைக்கில் கிளம்பினார். டிரைவர் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தும் முன் என்னைப் பார்த்தார்.

"வாய் பேசறது பெருசில்லமா. திட்டுங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். ஆனா சொல்றதை முழுசா சொல்லிட்டுத் திட்டுங்க."

"சரிண்ணா" என்றேன்.